குறுக்கு வழி அடைபட்ட வானம்

பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் டோக்கியோவுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். 2022 பிப்ரவரி வரை விமானம் இதை ஒன்பதரை மணி நேரத்தில் கடந்தது. அடுத்த மாதமே சுமார் பதின்மூன்று மணி நேரம் ஆயிற்று. ஊர்கள் நகரவில்லை; விமானமும் அதே ஏர்பஸ் ஏ350தான். நீண்ட பயணத்தின் நேரத்தைத் தூரத்தைவிட, கீழே கிடக்கும் நாடுகளின் சம்மதமே அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் வாதம். தன் நிலத்தின் மேலுள்ள வானத்தில் அந்தந்த நாட்டுக்கே முழு உரிமை என்று 1944-இன் சிகாகோ ஒப்பந்தம் முதல் பிரிவிலேயே சொல்கிறது. உக்ரைன் போர் மூண்டதும் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் ஒன்றுக்கொன்று வானை மூடிக்கொண்டன. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கான குறுக்கு வழியின் பெரும்பகுதி சைபீரியாவின் மேல்தானே போகிறது!

மிச்சமிருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, தெற்கே இறங்கிக் கஜகஸ்தான், சீனா வழியாகச் சுற்றுவது. மற்றொன்று வட துருவத்தின் மேலேயே பறப்பது. இந்த இரண்டாவதைக் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். வடக்கே ஏறித் துருவத்தைத் தாண்டி, அலாஸ்கா பக்கமாக பெரிங் நீரிணை வழியாகத் தெற்கே வந்து ஜப்பானை அடைய வேண்டும். விமான எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும். இறக்கைத் தொட்டிக்குள் வெப்பநிலை சரிகிறதா என்று விமானிகள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். அளவுக்கு மீறிச் சரிந்தால் கீழே இறங்கவோ வேகத்தைக் கூட்டவோ வேண்டும். இதில் வேடிக்கை, 1983-இல் சோவியத் வானம் வழிவிடாதபோது, பின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்ஏர் டிசி-10 விமானத்தை இதே துருவத்தின் மேல்தான் டோக்கியோவுக்கு இடைநில்லாமல் விட்டது. அப்போதும் ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம்தான். நாற்பது ஆண்டுத் தொழில்நுட்பம் எரிபொருளை மிச்சப்படுத்தியதே தவிர, பயணிகள் விமானத்தின் வேகத்தைப் பெரிதாகக் கூட்டவில்லை.

காற்றுதானே நேரத்தை மாற்றுகிறது என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகக் காற்றால் போகிற நேரமும் திரும்புகிற நேரமும் வேறுபடும். ஆனால் அது அன்றன்று மாறுவது. ஒரேயடியாக ஏறிய மூன்றரை மணி நேரமோ இறங்காமல் நிற்கிறது. மூன்றரை மணி நேரம் பெரிதா என்றால், ஒரு கணக்குப் போடுங்கள். முன்பு போகவர பத்தொன்பது மணி நேரம். பயணிகளை இறக்கி, சுத்தம் செய்து, எரிபொருள் நிரப்பினாலும் ஒரே விமானம் 24 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடும். ஃபின்ஏரின் ஆசிய வியாபாரமே இந்தக் கணக்கில்தான் நின்றது. இன்று பறப்பதற்கே இருபத்தாறு மணி நேரம். தினசரி சேவைக்கு ஒரு விமானம் போதாது.

ஆனால் சீன விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வானம் இன்றும் திறந்திருக்கிறது. அதனால் லண்டனிலிருந்து பெய்ஜிங்குக்குச் சீன விமானம் நேரே போக, ரஷ்ய வானில் இடமில்லாத பிரிட்டிஷ் ஏர்வேஸ் சுற்றிப் போனது. 2024 அக்டோபரில் அந்தச் சேவையையே அது நிறுத்திவிட்டது.