எறும்பு ஏறும் குச்சிக்கிழங்குச் செடி



பூச்சிகளை ஆய்வு செய்கிறவளுக்குச் சாதி ஒழிப்பு மேடையில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நான் இந்தப் படிப்புக்கு வந்த கதையை மட்டும் சொல்கிறேன்.

நாமக்கல் பக்கம் எங்கள் ஊர். அப்பா, அம்மா இருவரும் குச்சிக்கிழங்குத் தோட்டத்தில் கூலிவேலை. நான் பள்ளியில் படித்தபோது செடிகளெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்தன. பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. இந்தியாவில் 2008இல் கோவையில்தான் முதலில் கண்டார்கள். அதன் சொந்த மண்ணில் அதைக் கட்டுப்படுத்தும் எதிரிகள் உண்டு, இங்கே இல்லை. தோட்டக்காரர் திரும்பத் திரும்ப மருந்தடிக்கச் சொன்னார். அடித்தது அப்பா. மாவுப்பூச்சிக்கு உடம்பெல்லாம் மெழுகுப் பூச்சு, மருந்து எளிதில் இறங்காது. அப்பாவுக்கு முகத்தில் ஒரு துண்டுதான். ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்தார்.

"எறும்பு எந்தச் செடியில ஏறுதோ அதுல பூச்சி இருக்கும் பாரு" என்பார் அம்மா. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரை எறும்பு குடிக்கிறது, பதிலுக்கு அதன் எதிரிகளை விரட்டுகிறது என்று பிறகு முதுகலை வகுப்பில் சொன்னார்கள். பாதி எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. (ராணி எறும்பு, வேலைக்கார எறும்பு என்ற பிரிவுக்கு ஆங்கிலப் பாடநூல்களில் 'சாதி' என்றே பெயர். எழுதும்போதெல்லாம் கை கூசும். பல எறும்பினங்களில் அதைத் தீர்மானிப்பதில் புழுவுக்குக் கிடைத்த தீனிக்குப் பெரிய பங்குண்டு.)

2010இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து ஒரு குளவியைக் கொண்டுவந்தார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும், புழு உள்ளிருந்தே தின்று வளரும். தோட்டங்களில் விட்ட சில மாதங்களில் பூச்சி அடங்கியது. அப்பா முதுகிலிருந்து மருந்து டேங்க் இறங்கியது. ஒரு பூச்சியைத் தனியாகப் பார்த்து என்ன பயன், அது எதைத் தின்கிறது, அதை எது தின்கிறது, நடுவில் யார் காவல் என்று பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்கு அங்கேதான் வந்தது.

இன்று என் ஆய்வும் எறும்பு, மாவுப்பூச்சி, குளவி மூன்றையும் பற்றியதுதான். எறும்பு ஏறாமல் தடுத்த செடியில் குளவிக்கு வேலை எளிதாகிறதா என்று எண்ணுகிறேன். அதற்கு அடுத்தவர் தோட்டத்துக்குள் வாரம் ஒருமுறை போகவேண்டும். முதல் நாள் நல்ல வரவேற்பு, டீ கூடக் கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் மூன்று தோட்டங்களில் கேட் திறக்கவில்லை.

ஆய்வேட்டில் "அனுமதி கிடைக்காததால் மூன்று தோட்டங்கள் கைவிடப்பட்டன" என்று எழுதியிருக்கிறேன். அனுமதி ஏன் கிடைக்கவில்லை என்று எழுத அங்கே கட்டம் இல்லை. எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னேன். எந்தத் தெரு என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன்.