முதலில் வருபவர் அயலவரே



1978 நவம்பர் 23 சூறாவளியிலும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் மட்டக்களப்பில் நமக்கு முதலில் கைகொடுத்தவர்கள் அயலவர்களே. அவர்களிடம் மனம் இருந்தது, பயிற்சி இருக்கவில்லை. ஓர் அலை வடிந்தாலும் அடுத்தது வரும் என்பதும் அன்று நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆகவே ஒவ்வொரு கிராம சேவையாளர் பிரிவிலும் தொண்டர்களைப் பயிற்றுவிப்போம். குருதிப்பெருக்கை அழுத்தி நிறுத்தவும், மூச்சற்று விழுந்தவருக்கு நெஞ்சை அழுத்தவும் கற்பிப்போம். தனியே நடக்க முடியாத முதியவர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி எந்த வீட்டில் இருக்கிறார், அவரை யார் அழைத்துச் செல்வது என்று முன்கூட்டியே எழுதிவைப்போம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்தைப் பிள்ளைகளும் அறியட்டும்.

ஆண்டுதோறும் ஒத்திகை பாராத பயிற்சி மறந்துபோகும். எங்கு வாழ்ந்தாலும் நாம் ஒவ்வொருவரும் நம் வீதிக்கு அப்படியொரு பட்டியல் எழுதுவோம். நூற்றாண்டில் பாடசாலைக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவாகட்டும்.