இரண்டு குளவிகளும் ஒரு நூற்றாண்டும்



ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் பாதை நம்மில் பலருக்குப் பழகியது. கொட்டகலையைத் தாண்டி, டெவன் நீர்வீழ்ச்சியையும் சென்கிளயர் நீர்வீழ்ச்சியையும் பார்த்தபடி போனால் தலவாக்கலை வந்துவிடும். அதையடுத்த சென்கூம்ஸ் தோட்டத்தில்தான் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் அமைக்கப்பட்ட அந்த நிலையத்துக்கு 2025இல் நூறு வயது நிறைந்தது. இலக்கிய நிகழ்ச்சியில் தேயிலை ஆராய்ச்சிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

ஆய்வு நிலையமொன்று தன் ஆண்டு நிறைவைக் கொண்டாடும்போது கருத்தரங்கு நடத்துவது வழக்கம். மண்ணை ஆராய்பவரும் பூச்சியை ஆராய்பவரும் பயிர் நோயை ஆராய்பவரும் பொருளியலாளரும் ஒரே மேடையில் அமர்வார்கள். பல்துறை ஆய்வு என்பது அதற்கு இன்றைய பெயர். பெயர் புதிது. எண்ணம் தமிழுக்குப் புதிதன்று.

தொல்காப்பியம் ஒரு திணையைப் பற்றிச் சொல்ல வரும்போது மூன்று பொருள்களைச் சேர்த்தே சொல்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் விலங்கும் பறவையும் உணவும் தொழிலும் பறையும் கருப்பொருள். அங்கே வாழும் மனிதரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். பாட்டிலே இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று முறையே சிறந்தவை என்றும் அது கூறுகிறது. ஆக, கடைசியில் நிற்கும் உரிப்பொருளே தலையாயது. நிலத்தையும் செடியையும் மட்டும் சொல்லி மனிதரை விட்டுவிட்டால் அது திணையாகாது.

இந்த அளவுகோலோடு நம் மலைகளைப் பார்ப்போம். தேயிலைக்கு முன் இங்கே கோப்பி இருந்தது. 1869இல் அதன் இலையில் துரு நோய் கண்டது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கிலாந்திலிருந்து வந்து, இரண்டாண்டு தங்கி, பங்கசு ஒன்றின் வித்து காற்றிலே பரவி இலையைத் தின்பதை விளக்கினார். நோய்க்கு ஆராய்ச்சியாளர் விரைவாகவே கிடைத்தார். அந்தக் கோப்பித் தோட்டங்களில் மாண்ட மனிதரைப் பற்றி டொனோவன் மொல்ட்ரிச் தனி நூலொன்றை வெளியிட்டது 1989இல்தான்.

இனி இரண்டு குளவிகளின் கதை. தேயிலை இலைகளை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் புழு ஒன்று உண்டு. அதை அடக்க, 1930களின் நடுப்பகுதியில் ஜாவாத் தீவிலிருந்து ஒரு சிறு குளவியினத்தைக் கொண்டுவந்து மலைநாட்டில் விட்டார்கள். அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு புழுவைத் தின்று வளரும். மருந்து தெளிக்காமலே புழு அடங்கியது. உலகப் பூச்சியியலில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் வெற்றி இது. நாம் பெருமைப்படலாம்.

மற்றக் குளவியை உங்களுக்குத் தெரியும். பத்திரிகையின் மூலையில் அடிக்கடி வருமே, குளவிக் கொட்டுக்கு இலக்காகிப் பெண் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி என்று, அந்தக் குளவி. சிலர் வீடு திரும்புவதில்லை. காற்று பலத்தாலும், பறவை ஒன்று மோதினாலும் கூடு கலைந்துவிடும். நிரையில் நிற்கும் பெண் முதுகில் கூடையோடு செங்குத்தான மலையில் எங்கே ஓடுவாள்?

இலையைக் காக்க ஒரு குளவியைக் கடல் கடந்து கொண்டுவர அறிவியலால் முடிந்தது. இலையைக் கொய்யும் கையைக் காக்கும் கேள்வி எந்தத் துறையைச் சேர்ந்தது? பூச்சியியலா, மருத்துவமா, தொழிற் சட்டமா, நிழல் மரம் நடும் முறையா? எல்லாத் துறையையும் சேர்ந்தது. அதனாலேயே ஒரு துறைக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறது. பல்துறை ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறென்ன வேண்டும்?

இன்னொன்று. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சில மாதங்களில் தடை நீங்கினாலும், உரமில்லாத மலையில் கொழுந்து குறைந்தது. மண்ணியலாளரின் அட்டவணையில் அது ஓர் இலக்கம். அதே இலக்கம் கொழுந்து மடுவத்துத் தராசுக்கு வந்து சேரும்போது அரைப்பேர் ஆகிறது. அன்று மாலை லயத்து அடுப்பில் தெரிகிறது. தராசுவரை போகும் ஆய்வு அடுப்புவரையும் போக வேண்டும்.

அடுப்புவரை போனவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி.வி. வேலுப்பிள்ளை அவர்களில் முதன்மையானவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தம் மக்களை நாடற்றவராக்கியதைக் கண்டவர். அவர் கவிதையும் நாவலும் எழுதியதோடு நிற்காமல், தொழிலாளர் வாய்மொழியாகப் பாடிவந்த பாடல்களையும் தேடித் தொகுத்தார். அவருக்குப் பின் வந்த சாரல்நாடன் தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தவர். பகலில் தேயிலையின் பக்குவத்தைப் பார்த்த கண், ஓய்வு நேரத்தில் மலையக வாய்மொழி இலக்கியத்தை ஆராய்ந்தது. பல்கலைக்கழகப் பீடமோ, ஆய்வு நிதியோ கைகொடுக்காத நிலையில் இவர்கள் உரிப்பொருளைச் சேர்த்து வைத்தார்கள்.

ஆகவே, தேயிலையைப் பற்றிய அறிவு இரண்டு இடங்களில் பிரிந்து கிடக்கிறது. முதலும் கருவும் ஆய்வுகூடத்தில். உரி, பாட்டிலும் கதையிலும். இரண்டும் அருகருகே, ஒரே மலைத்தொடரில் இருந்தும் ஒன்றையொன்று அதிகம் விசாரித்ததில்லை. குற்றம் ஒரு பக்கத்தில் மட்டுமன்று. நம் எழுத்தாளரில் எத்தனை பேர் கவ்வாத்தின் காரணத்தையோ, 1946இல் இங்கு வந்து சேர்ந்த கொப்புள நோயின் வரலாற்றையோ கேட்டறிந்து எழுதியிருக்கிறோம்? செடியை அறியாமல் அதைக் கொய்பவளை முழுதாக எழுத முடியாது.

நூற்றாண்டு நிறைவு அவ்வளவு எளிதில் வாய்ப்பதன்று. அடுத்த நூற்றாண்டுக்கான கருத்தரங்கு மேடைகளில் இன்னும் இரண்டு நாற்காலிகள் போடுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஒன்று, பாடல் தொகுப்பவருக்கு. மற்றது, முப்பது வருடம் கொழுந்து பறித்த ஓர் அம்மாவுக்கு. அவரைப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட வேண்டாம். எந்த மரத்தில் கூடு இருக்கிறது, எந்தக் காற்றில் அது கலையும் என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பூச்சியியலாளர் குறித்துக்கொள்ளட்டும்.