ஆச்சி, தலையைக் கொஞ்சம் குனியுங்கோ



வாசிகசாலை ஆண்டு விழாவில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கல்வி சிறப்பானதுதான். அடுத்த வருஷமும் அது சிறப்பாகவே இருக்கும், அப்போது பேசலாம். போன கிழமை தேரன்று கண்டதை இன்றைக்கு இந்த மைக்கில் சொல்லாமல் போனால் எனக்கு நித்திரை வராது.

கோயிலின் பெயர் வேண்டாம். வீதி முகப்பில் ஒரு பலகை: 'யாசகர்களுக்குப் பணம் கொடுத்து யாசகத்தை ஊக்குவிக்காதீர்கள்.' அதற்குக் கீழே இருந்த ஓர் ஆச்சியை, நெஞ்சில் அட்டை தொங்கவிட்ட இரண்டு தொண்டர்கள் எழுப்பினார்கள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று பின்னாலே போனேன். பக்கத்து மடத்துக்கு! கனடாவில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாளாம், இங்கே உலர் உணவுப் பொதி கொடுக்கிறார்கள். சுவர் நிறையப் பதாகை. ஆச்சியின் கையில் பொதியைக் கொடுத்து, திருப்பி வாங்கி, மறுபடி கொடுத்து, மூன்று தரம் படம். மூன்றாம் தரம் படம் எடுக்கிறவர் சொல்லுகிறார்: "ஆச்சி, தலையைக் கொஞ்சம் குனியுங்கோ, உபயகாரற்றை பேர் மறைக்குது."

ஷெல்லடிக்குப் பங்கருக்குள் குனிந்த தலை ஐயா அது! இப்போது பிறந்தநாள் கேக்குக்கும் குனிய வேண்டுமோ?

தெருவில் கொடுக்காதே, அமைப்பு மூலம் கொடு என்கிற கனவான்களின் வாதம் முழுவதும் ஒரு வசனத்தில் அடங்கும்: அவனுக்கு மூன்று மாடி வீடு இருக்கிறது, காசு கிடைத்தால் குடிப்பான், நீ கொடுத்தால் நாளைக்கு யாழ்ப்பாணம் முழுவதும் வேலையை விட்டுவிட்டுத் தகரப்பேணியோடு இருந்துவிடும். மூன்று மாடி வீட்டுப் பிச்சைக்காரனை நான் முப்பது வருஷமாகத் தேடுகிறேன். எல்லாருக்கும் அவனைத் தெரியும், விலாசம்தான் ஒருவருக்கும் தெரியாது. கண்டால் சொல்லுங்கள், பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன். சீதனத்திலும் பயமில்லை. கேட்டுப் பழகினவன்தான், என்றாலும் எங்கள் டொக்டர், எஞ்சினியர் மாப்பிள்ளைமார் கேட்கிற அளவுக்கு அவனுக்குக் கேட்கத் தெரியாது.

குடிப்பானாம். இதைச் சொன்னவர் வீட்டுக் கலியாணத்தில் மண்டபத்துக்குப் பின்னால் நின்ற வானுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். நானும் போனேன். கென்யாக் கிராமங்களில் ஏழைகளின் கையில் காசாகவே கொடுத்துவிட்டு, பிறகு போய்க் கணக்கெடுத்துப் பார்த்தார்கள் ஆராய்ச்சிக்காரர். குடிக்கும் புகைக்கும் போகிற செலவு கூடவில்லை. ஆனால் எங்கள் கனவானுக்கு ஆராய்ச்சி எதற்கு? அவருக்குத்தான் படம் இருக்கிறதே!

சட்டம் இருக்கிறது என்கிறார்கள். இருக்கிறது, 1841 இல் வெள்ளைக்காரன் போட்ட அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். உழைக்க வலுவிருந்தும் உழைக்க மறுத்துக் கையேந்துகிறவனைத்தான் அது பிடிக்கச் சொல்லுகிறது. மதகுருமாருக்கும் நேர்த்திக்காக யாத்திரை போகிறவர்களுக்கும் விலக்கு. வெள்ளைக்காரனுக்கே தெரிந்த வித்தியாசம் அட்டை தொங்கவிட்ட எங்கள் பெடியளுக்குத் தெரியவில்லை. 2018 தை முதலாம் தேதியிலிருந்து கொழும்பில் பிச்சை தடை என்று ஓர் அமைச்சர் அறிவித்தார். அறிவித்தல் போய்விட்டது, பிச்சை போகவில்லை.

நல்லூர்த் தேரடியில் கிழிசலோடு இருந்த செல்லப்பா சுவாமியை இந்த ஊர் விசரன் என்றது. அவரைக் குருவாகக் கொண்டவர்தான் யோகர் சுவாமிகள். இன்றைக்குச் செல்லப்பா சுவாமி தேரடியில் இருந்தால் மடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பொதியோடு நிறுத்திப் படம் எடுத்திருப்பார்கள். அவர் என்ன மறுமொழி சொல்லியிருப்பார் என்பதைத் தாய்மார் இருக்கிற சபையில் சொல்ல ஏலாது.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

போருக்குள் இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவை இங்கே மறந்தவர் யார்? வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் மழைக்குள் நகர்ந்தது. அப்புக்காத்தும் அவருடைய வீட்டு வேலைக்காரனும் ஒரே சேற்றுக்குள். கைதடியில் ஒரு படலையடியில் ஓர் அம்மா கஞ்சிப் பானையோடு நின்றா. நான் அப்போது கணக்கு வாத்தியார். கை நீட்டினேன். "வாத்தியாருக்குச் சம்பளம் வருகுதுதானே" என்று அந்த அம்மா கேட்கவில்லை. ஐடென்டிட்டி காட் கேட்கவில்லை. என் முகத்தையே சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவு இருட்டு. எனக்கு மிஞ்சியிருந்த மானத்தை அந்த இருட்டுத்தான் காப்பாற்றித் தந்தது. அன்றைக்கு ஒருவன் கமராவோடு நின்றிருந்தால் நான் இன்றைக்கு இந்த மேடையில் நிற்பேனோ?

குழந்தையைக் காட்டிக் கேட்கிறவர்களுக்கும் கொடுக்கச் சொல்லுகிறேனோ என்று பின்னால் ஒருவர் கேட்கிறார். இல்லை. ஊதுபத்திக் கட்டோடு பிள்ளையை வெயிலில் நிறுத்துகிறவனுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள், சிறுவர் உதவித் தொலைபேசி 1929 க்கு அடித்துச் சொல்லுங்கள். அது வேறு வழக்கு. அந்த வழக்கைக் காட்டி ஆச்சியை எழுப்பாதே!

அரசாங்கம் தருகிற மாதாந்த உதவிப் பணத்துக்கே பிச்சைச் சம்பளம் என்று பெயர் வைத்த சனம் நாங்கள். நூறு ரூபா ஆச்சியின் வறுமையைத் தீர்க்குமோ என்று கேட்க எங்களுக்கு வாய் இருக்கிறதோ? தீர்க்காதுதான். பொதி தீர்த்ததோ? அன்று பின்னேரம் சந்திக் கடையில் ஆச்சியைக் கண்டேன். ஐந்து கிலோ அரிசியையும் பருப்பையும் பாதி விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தா. "அடுப்பில்லை தம்பி, எங்கை வைச்சு அவிக்கிறது?" என்றா. அந்தக் காசுக்குப் பனடோல் ஒரு கார்ட், வெற்றிலை, ஒரு பணிஸ். ஆச்சிக்கு என்ன தேவை என்று ஆச்சிக்குத் தெரிந்திருக்கிறது. கனடாவுக்குத் தெரியவில்லை. காசாய்க் கொடுத்திருந்தால் பாதி விலை கடைக்காரனுக்குப் போயிராது. ஆனால் காசு படத்தில் வடிவாய் விழாது, பொதிதான் விழும்!

ஆச்சி கடையால் இறங்க, நூறு ரூபாத் தாள் ஒன்றை நீட்டினேன். வாங்கினா. வாங்கினவ போகவில்லை. தாளை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி எனக்கு முன்னால் நின்றா. எனக்கு விளங்கவில்லை.

"என்ன ஆச்சி?"

"படம் எடுக்கேல்லையோ தம்பி?"