கோலமும் வரட்டும், எழுத்தும் வரட்டும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

சேமிப்பு, கடன் பற்றி எல்லாரும் பேசிட்டாங்க. நான் என் மகளைப் பற்றிப் பேசுகிறேன்.

எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ‘கொடி’ என்று சொன்னால் ‘கெடி’ என்று எழுதுவாள். பின்னால் வரும் கால் விட்டுப்போகும். ல, ள, ழ மூன்றும் அவளுக்கு ஒன்றுதான். ஆனா 15 புள்ளி சிக்குக் கோலத்தை ஒருமுறை பார்த்தால் போதும், கையெடுக்காம ஒரே இழையில முடிச்சிடுவா. நான் புள்ளியை வெச்சிட்டு முழிச்சிக்கிட்டு நிப்பேன்.

இது கற்றல் குறைபாடுன்னு டாக்டர் சொன்னார். அறிவுக் குறைவு இல்லை. எழுத்தையும் ஒலியையும் சேர்த்துப் பிடிக்கிறதுல வர்ற சிக்கல். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் இதுவும் வருகிறது. சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் என்று சலுகை கேட்கலாம்.

ஊர்ல என்ன சொல்றாங்க தெரியுமா? “அவளுக்குத்தான் கோலம் அருமையா வருதே, படிப்பு எதுக்கு, நிறுத்திடு.” கேட்கப் பாராட்டு மாதிரிதான் இருக்கும். எனக்கு அடிவயிறு கலங்கும். அவள் திறமையே அவள் பள்ளிக்கூடக் கதவைச் சாத்திவிடக் கூடாது.

2007-ல் ‘தாரே ஜமீன் பர்’ என்று ஒரு இந்திப் படம் வந்தது. அந்தப் பையன் ஓவியப் போட்டியில ஜெயிச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. வாத்தியார் அவனுக்கு மணல்ல விரலால எழுத்துப் பழக்கினது யாருக்கும் ஞாபகம் இல்லை. எங்க வீட்ல மணலுக்குப் பதில் கோலமாவு. தினம் ஓர் எழுத்து, பெருசா, வாசல்ல. ‘கொ’வுக்கு இப்போ இரண்டு பக்கமும் போட்டுடறா. ‘ழ’ இன்னும் வம்பு பண்ணுது.

இப்படிப் பிள்ளைகள் எல்லாருக்கும் கலை வரணும்னு இல்லை. வரலைன்னா அதுக்கும் திட்டாதீங்க.

ஒரு கோரிக்கை. சீருக்கும் காதுகுத்துக்கும் குழுவில் கடன் தருகிறோம். பிள்ளையைப் பரிசோதனைக்கு அழைச்சிட்டுப் போக பஸ் செலவு, ஒருநாள் கூலி இழப்பு. இதுக்காகவே தள்ளிப்போடுற அம்மாக்கள் நம்ம குழுக்களிலேயே இருக்காங்க. அதுக்கு வட்டியில்லாம சிறு தொகை கொடுக்கலாம்னு இன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.