உறைந்த கடலில் யார் முதலில் போவது?

கடல் உறையுமா? நம்ம ஊர் பீச்சில் கால் நனைச்சு வளர்ந்தவங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. இன்னிக்கு நாம போகப்போறது பால்டிக் கடலுக்கு. ஃபின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் நடுவில் இருக்கிற இந்தக் கடலில் ஆற்று நீர் நிறைய கலக்குது, அதனால் உப்பு ரொம்பக் குறைவு. உப்பு குறைஞ்சா சீக்கிரம் உறையும். கடுமையான குளிர்காலத்தில் ஃபின்லாந்தின் எல்லாத் துறைமுகங்களையும் பனி மூடிவிடும்.

சரி, மூணு மாசம் துறைமுகத்தை மூடிட்டு வீட்ல இருக்கலாமே? முடியாது. அந்த நாட்டின் ஏற்றுமதி, இறக்குமதியில் பெரும்பகுதி கடல் வழியாகத்தான் நடக்குது. 1970களில் இருந்து முக்கியத் துறைமுகங்களை வருஷம் முழுக்கத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

கப்பல், பனி, ஆபத்து. இந்த மூணையும் சேர்த்துச் சொன்னா உடனே டைட்டானிக் ஞாபகம் வரும், இல்லையா? ஆனா பால்டிக்கில் பனிமலைகள் கிடையாது. அங்கே வர்ற ஆபத்து மெதுவா வரும்.

2010 மார்ச் மாதம் நடந்ததைப் பாருங்க. பலமான காற்று பனியை ஸ்வீடன் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. ஸ்டாக்ஹோமுக்கு அருகே சுமார் 50 கப்பல்கள் சிக்கிக்கொண்டன. அதில் அமோரெல்லா என்ற பயணிகள் கப்பலும் ஒன்று. கிட்டத்தட்ட ஆயிரம் பேர் அதில் இருந்தார்கள். நகர முடியாமல் நின்ற அந்தக் கப்பலும் இன்னொரு கப்பலும் இடித்துக்கொண்டன. நல்லவேளை, யாருக்கும் பெரிய அடி இல்லை. பனி நிலவரம் பற்றி முன்பே எச்சரித்திருந்தோம் என்று ஸ்வீடன் அதிகாரிகள் அப்போது சொன்னார்கள்.

பனி ஒரே இடத்தில் நிற்காது, காற்று அதைத் தள்ளும். ஒரு கப்பல் உடைச்சுட்டுப் போன பாதை கொஞ்ச நேரத்திலேயே மூடிக்கலாம். இரண்டு பக்கமும் பனி நெருக்கினால் கப்பல் அசையாது. அப்புறம் பனி எந்தப் பக்கம் நகருதோ, கப்பலும் அந்தப் பக்கம் போகும். அங்கே ஆழம் குறைவாக இருந்தால் தரை தட்டும்.

இன்னொரு விசித்திரம். இன்ஜினைக் குளிர்விக்கக் கடல் தண்ணியை உள்ளே இழுப்பாங்க. அந்த வழியில் பனிக்கூழ் போய் அடைச்சுக்கிட்டா, சுத்தி எல்லாம் உறைஞ்சு கிடக்கும்போதே இன்ஜின் சூடாகி நின்னுடும்! அதனால்தான் பனிக்கடலில் போற கப்பல்களில் இந்த நீர்வழியைத் தனியா வடிவமைக்கிறாங்க.

சிக்கினா யார் காப்பாத்துவா? ஐஸ்பிரேக்கர். அது பனியைக் கத்தி மாதிரி வெட்டுறதில்லை. மூக்கைத் தூக்கிப் பனி மேல ஏறி, தன்னோட எடையாலேயே அமுக்கி உடைக்கும். பின்னாடி மற்ற கப்பல்கள் வரிசையா வரும்.

இங்கதான் சிக்கல். ஆம்புலன்ஸ் பின்னாடியே ஒட்டிக்கிட்டு டிராஃபிக்கைத் தாண்டுற பைக்காரங்களைப் பார்த்திருப்பீங்க. ஆம்புலன்ஸ் திடீர்னு பிரேக் போட்டா என்ன ஆகும்? பனியில் எல்லாக் கப்பலும் அந்த பைக் மாதிரிதான். தள்ளி வந்தா பாதை மூடிக்கும், நெருங்கி வந்தா முன்னால போறது பனியில் மாட்டி நிக்கும்போது போய் மோத வேண்டியதுதான். அதனால் எவ்வளவு இடைவெளி, என்ன வேகம் என்பதை ஐஸ்பிரேக்கர்தான் முடிவு செய்யும். மற்ற கேப்டன்கள் அதைக் கேட்டு நடக்கணும். காதும் கண்ணும் ரேடியோவிலும் முன்னால் போற கப்பலிலும் இருக்கணும்.

ஆனா மக்களே, பாதுகாப்பு அதுக்கும் முன்னாடியே ஆரம்பிச்சுடுது. 'நீ இப்போ வராதே' என்று சொல்வதில்.

ஃபின்லாந்தும் ஸ்வீடனும் சேர்ந்து கப்பல்களுக்குப் பனித் தரவரிசை வைத்திருக்கின்றன. ஐஏ சூப்பர், ஐஏ, ஐபி, ஐசி என்று. மேல்தரக் கப்பலின் உடல் ஒரு மீட்டர் தடிமன் பனிக்கும், ஐசி 0.4 மீட்டர் பனிக்கும் கணக்குப் போட்டுக் கட்டப்படுது. உடல் பலம் மட்டும் போதாது. உடைந்த பனி நிறைஞ்ச பாதையில் 5 நாட் வேகத்திலாவது போகிற அளவுக்கு இன்ஜின் சக்தியும் வேணும்.

குளிர் ஏற ஏற, ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கட்டுப்பாட்டை இறுக்குவார்கள். உதாரணமா, 'ஐஏ தரம், 2000 டன்' என்று அறிவித்தால், அதைவிடக் குறைந்த கப்பலுக்கு ஐஸ்பிரேக்கர் உதவி கிடையாது. கேட்க கறாரா இருக்கும். ஆனா ஒரு பலவீனமான கப்பல் மாட்டினா, அதை மீட்க ஓர் ஐஸ்பிரேக்கர் போகணும். அதுவரை மத்த கப்பல்கள் எல்லாம் பனியில் காத்துக்கிடக்கும்.

இரண்டு நாட்டு ஐஸ்பிரேக்கர்களும் ஒரு பொதுத் தகவல் அமைப்பைப் பயன்படுத்துகின்றன. செயற்கைக்கோள் படம், காற்று முன்னறிவிப்பு, எந்தக் கப்பல் எங்கே இருக்கு, எல்லாம் ஒரே திரையில். யார் முதலில், யார் காத்திருக்கணும் என்பதைக் கொடியைப் பார்த்து முடிவு பண்றதில்லை.

பூமி சூடாகுதே, இனி இதெல்லாம் எதுக்குன்னு கேப்பீங்க. 1987-ல் பால்டிக் கிட்டத்தட்ட முழுசா உறைஞ்சது. 2020-ல் பனிப் பரப்பு அதிகபட்சமே வெறும் 37,000 சதுர கிலோமீட்டர். ஆனா மெல்லிய பனியைக் காற்று சுலபமா நகர்த்தி ஓரிடத்தில் குவிச்சுடும். இன்னொரு பக்கம், எரிபொருளை மிச்சப்படுத்தும் விதிகளால் புதுக் கப்பல்களில் இன்ஜின் சக்தி குறையுது. சூழலுக்கு நல்லதுதான், ஆனா அவற்றுக்கு ஐஸ்பிரேக்கர் உதவி அதிகமா தேவைப்படும்.

சரக்கு லேட்டாகுது, முதலாளி போன் மேல போன் போடுறார், எதிரே பனி. அந்த நேரத்தில் கேப்டன் 'நான் காத்திருக்கேன்' என்று சொல்ல முடியணும். அவருக்குப் பின்னாடி நின்னு அதைச் சொல்ல வைக்கிறதுதான் இந்த விதிகளோட வேலை.

நீங்க என்ன நினைக்கிறீங்க? எழுதுங்க.