பின்னத்தைப் பின்னமாகவே விடுங்கள்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மில் பலருக்கு ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில்தான் சோறு. அந்தச் சாலையில் நான் பட்ட ஒரு அடியைச் சொல்கிறேன்.

ஒரு தொழிற்சாலையில் வட்டத் தட்டு ஒன்றில் சம இடைவெளியில் 7 துளை போடும் வேலை. 360-ஐ 7-ஆல் வகுத்தேன். 51.428571 என்று ஓடிக்கொண்டே போனது. 51.43 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். டேபிள் ஒவ்வொரு துளைக்கும், நின்ற இடத்திலிருந்து அவ்வளவு பாகை திரும்பும். ஏழு தடவைக்கு 360.01. இந்த 0.01 யார் கண்ணில் படப்போகிறது? காலையில் முதல் தட்டு பாஸ். நூறாவது தட்டில் பிழை ஒரு பாகை! மையத்திலிருந்து 100 மி.மீ. தள்ளியிருந்த துளை சுமார் 1.75 மி.மீ. விலகிவிட்டது. திட்டு வாங்கியது ஆபரேட்டர் தம்பி. தப்பு என்னுடையது.

அதற்கப்புறம்தான் சிம்பை என்ற கணித மென்பொருளைக் கற்றேன். அது பின்னத்தைப் பின்னமாகவே வைத்துக்கொள்ளும். அதிலும் ஒரு பொறி உண்டு. 1/3 என்று தட்டினால், சிம்பை பார்ப்பதற்கு முன்பே பைத்தான் மொழி அதை வகுத்து 0.3333333333333333 ஆக்கிவிடும். அதைப் பிறகு 'ரேஷனல்' என்ற கட்டளைக்குள் போட்டாலும் 1/3 திரும்பி வராது. 6004799503160661/18014398509481984 என்ற பூதம்தான் வரும். வெந்த அரிசியை மறுபடி நெல்லாக்க முடியுமா?

ஆகவே வாசலிலேயே பிடிக்க வேண்டும். 1, 3 என்று இரண்டு எண்ணாகக் கட்டளைக்குள் கொடுங்கள். 0.1 என்றால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். சரியாக 1/10 கிடைக்கும். சிம்பையின் உரையாடல் திரையில், தட்டும் முழு எண்களைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. 2005-ல் வெளிவந்த சேஜ் மென்பொருள் இன்னும் சமர்த்து. நாம் தட்டிய வரியைப் பைத்தானிடம் கொடுக்கும் முன்பே அதைத் திருத்திவிடுகிறது.

இது நமக்குப் புதிதா என்ன? நம் பெரியவர்கள் எண்சுவடியில் 1/320-ஐ முந்திரி என்றார்கள். நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். எங்கேயும் மிச்சம் சிந்தாது.

இயந்திரத்துக்குத் தசமத்தில்தான் கொடுக்க முடியும், வாஸ்தவம். ஆனால் அதைக் கடைசியில் செய்யுங்கள். இப்போது ஒவ்வொரு துளையையும் பூஜ்யத்திலிருந்தே கணக்கிடுகிறேன்: 360/7, 720/7, 1080/7 என்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழுமையாக்குவதால் பிழை அடுத்த துளைக்குத் தொற்றுவதில்லை. ஏழாவது சரியாக 360-ல் வந்து நிற்கிறது.

எண்ணை ரவுண்டு பண்ணும் முன் ஒரு நொடி யோசியுங்கள். நாம் விட்ட பிழைக்கு இன்னொருவர் திட்டு வாங்கக் கூடாது.